மடித்து வைத்த சான்றிதழ்

சிறைகளில் தொழிற்பயிற்சியைக் கூட்டினால், விடுதலையாகி வருவோருக்கு வேலை தானாகக் கிடைத்துவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அதை என்னால் ஏற்க இயலவில்லை. நான் கோவையில் சிறிய லேத் பட்டறை நடத்துபவன். சில ஆண்டுகளுக்கு முன் வேலை கேட்டு வந்த ஒருவர், தம் வெல்டிங் சான்றிதழின் மேற்பகுதியை உட்புறமாக மடித்தே நீட்டினார். பிரித்துப் பார்த்தபோது அங்கே மத்திய சிறையின் பெயர் இருந்தது. கைத்திறனில் அவரிடம் ஒரு குறையும் இல்லை. ஆனால், நாங்கள் உதிரிபாகம் வழங்கும் பெரிய நிறுவனம் ஒன்று, உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் காவல்துறை சரிபார்ப்புச் சான்று கேட்கத் தொடங்கியதும், அவருக்கு கேட் பாஸ் மறுக்கப்பட்டது.

நம் நாட்டில் 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 12ஆம் பிரிவில், தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. எனினும் அது நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவித்தவர்களுக்கே பொருந்தும், சிறையில் தண்டனையைக் கழித்தவர்களுக்கு அல்ல. பிரிட்டனிலோ 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட காலம் குற்றமின்றிக் கழிந்தால், பெரும்பாலான வேலைகளுக்குப் பழைய தண்டனையைச் சொல்ல வேண்டியதில்லை (கடும் தண்டனைகளுக்கு விலக்கு உண்டு). புழலிலும் கோவையிலும் சிறைத்துறையின் பெட்ரோல் பங்குகளில் தண்டனைக் கைதிகளிடம் நாம் தயக்கமின்றிப் பணம் கொடுத்து வண்டிக்கு எரிபொருள் போட்டுக்கொள்கிறோம். அதே மனிதர் விடுதலையான மறுநாள் தனியார் பங்கு ஒன்றில் வேலை கேட்டால், கல்லாவில் நிற்க வைப்பார்களா?