ஊரணி வரைபடம் ராணுவ ரகசியம் அல்ல

“ஊரணி, கண்மாய், சாக்கடை வரைபடங்களை அனுமதி வாங்காமல் போட்டாலோ பகிர்ந்தாலோ சிறைதான்” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தவறு, ஐயா. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இந்தியர்களுக்கு அந்த முன் அனுமதித் தேவையையே நீக்கிவிட்டன. பாதுகாப்பு சார்ந்த சில விவரங்களுக்கு மட்டுமே இன்று கட்டுப்பாடு.

2023-ல் வெளியான இந்தியாவின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பில் 24,24,540 நீர்நிலைகள் உள்ளன, தமிழ்நாட்டில் மட்டும் 1,06,957. அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் குறித்திருக்கிறார்கள்.

உண்மையான குறை வேறு. வரைபடத்தில் புள்ளி வைத்தால் ஊரணி தெரியும், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தெரியாது. நம் செட்டிநாட்டு ஊரணிகளுக்கோ வரத்துக்கால்தான் உயிர். முற்றத்து மழைநீரும் அந்த வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. காரைக்குடி அருகே எங்கள் ஊரில் போன மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். செம்புறாங்கல் மடைக்குள் யாரோ நீட்டிவிட்ட பிளாஸ்டிக் குழாயிலிருந்து சோப்பு நுரை வழிந்துகொண்டிருந்தது. கழிவுநீர்க் குழாய் வரைபடத்தையும் வரத்துக்கால் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இப்படி எத்தனை இடத்தில் கலக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தயவுசெய்து பகிர்பவர்களைப் பயமுறுத்தாதீர்கள்.