போலீஸ் பாடி கேமரா: முதல் 30 செகண்ட் சவுண்ட் இல்லன்னா எடிட் பண்ணதா?

போலீஸ்காரங்க சட்டையில மாட்டிக்கிற பாடி கேமரா வீடியோல ஆரம்பத்துல சவுண்ட் இல்லன்னா அது எடிட் பண்ணதுன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது, அது தப்புங்க. நிறைய மாடல்ல ஆன் பண்ணி வச்சாலே கேமரா கடைசி 30 செகண்டை சவுண்ட் இல்லாம படமா மட்டும் பிடிச்சு வச்சுக்கும், போலீஸ்காரர் ரெக்கார்ட் பட்டனை அமுக்கினதும் அந்த 30 செகண்டும் முன்னாடி சேர்ந்துக்கும், சவுண்ட் அப்புறம்தான் வரும். பட்டனே அமுக்கலன்னா பெரும்பாலும் எதுவும் பதிவாகாது, அதைத்தான் நாம கேள்வி கேக்கணும்.

2017ல அமெரிக்காவுல பால்டிமோர்ல ஒரு போலீஸ்காரர் குப்பைக்குள்ள போதைப்பொருள் பொட்டலத்தை வச்சுட்டு, தெருவுக்கு வந்து பட்டனை அமுக்கிட்டு, திரும்பப் போய் கண்டுபிடிச்ச மாதிரி எடுத்தாரு. அவரைக் காட்டிக்கொடுத்ததே அந்த சத்தமில்லாத 30 செகண்ட்தான், ஆதாரத்தை ஜோடிச்சாருன்னு 2018ல தீர்ப்பும் வந்துச்சு.