‘பென் அண்ட் ஸ்வீட்ஸ்’: இது வரவேற்பறை இசை அல்ல

சனிக்கிழமை நம் ஜாஸ் கேட்கும் கூட்டத்தில் நான் ஒரு இசைத்தட்டைப் போட்டேன்; பின்வரிசையில் சிலர் பேசிக்கொண்டே இருந்தார்கள்; மறுநாள் அதைப் பற்றி ஒரு பதிவு வந்தது. டெனர் சாக்ஸபோன் கலைஞர் பென் வெப்ஸ்டரும் ட்ரம்பெட் கலைஞர் ஹாரி ‘ஸ்வீட்ஸ்’ எடிசனும் சேர்ந்து வாசித்த அந்த ‘பென் அண்ட் ஸ்வீட்ஸ்’ தட்டை, “ஹோட்டல் வரவேற்பறையில் ஓட வேண்டியது” என்று நண்பர் எழுதிவிட்டார். அதற்கு விருப்பக்குறி இட்டவர்களில் பலர் என்னோடு அதே அறையில் உட்கார்ந்திருந்தவர்கள். அதுதான் வலிக்கிறது.

மென்மையாக ஊதுவதும் சோம்பலாக ஊதுவதும் ஒன்றல்ல. 1962இல் கொலம்பியா நிறுவனத்துக்காக இதைப் பதிவு செய்தபோது பென் வெப்ஸ்டருக்கு 53 வயது. டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் 1940இல் ‘காட்டன் டெயில்’ என்ற பாட்டில் சீறிப் பாய்ந்த அதே டெனர் சாக்ஸபோன் அவருடையது. வேகம் அவருக்குக் கைவந்ததுதான். இங்கே அது தேவையில்லை என்று முடிவு செய்தார். இந்தத் தட்டில் ‘மை ரொமான்ஸ்’ கேளுங்கள். மெட்டின் ஒரு வரி முடிகிற இடத்தில் சுரம் மெலிந்து நின்றுவிடும், மூச்சு நிற்காது. ஊதுவாயில் இருக்கும் நாணல் பட்டையான ரீடின் வழியே வெறும் காற்று மட்டும் கசியும். சனிக்கிழமை சரியாக அந்த இடத்தில்தான் பின்வரிசையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காத கதை ஓடிக்கொண்டிருந்தது. காதே கொடுக்காதவர்கள் தீர்ப்பு எழுதலாமா?

ஹாரி ‘ஸ்வீட்ஸ்’ எடிசன் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார் என்பது இன்னொரு குறை. ஆம், வாசிக்கிறார். ட்ரம்பெட்டின் அகன்ற வாயில் ஒலியை மட்டுப்படுத்தும் அடைப்பானைச் செருகிக்கொண்டு, அதே சுரத்தைத் தாளத்துக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, அழுத்தி ஒருமுறை, தொட்டும் தொடாமலும் ஒருமுறை. கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் பழகிய கை அது. பாடகர் ஃப்ராங்க் சினாட்ராவின் ஐம்பதுகளின் பாடல்களை நாள்தோறும் பகிர்கிறீர்களே, அவற்றில் பலவற்றில் குரலுக்கு இடையே சன்னமாக எட்டிப்பார்க்கும் ட்ரம்பெட் இவருடையது. அங்கே இனித்தது இங்கே எப்படிப் புளித்தது?

“பழைய கட்டுகளை உடைத்த ஆர்னெட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’ தட்டு வெளிவந்த பிறகு இது எதற்கு?” என்பார்கள். கோல்மனும், அவரைப் போலவே புதுவழி தேடிய ஜான் கோல்ட்ரேனும் எனக்கும் உயிர். ஒருவர் புது வீடு கட்டினார் என்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டை இடித்துக்கொள்ள வேண்டுமா? ‘டிட் யூ கால் ஹர் டுடே’யில் எலிங்டனின் ‘இன் எ மெல்லோடோன்’ பாட்டின் கார்டு வரிசையை (பாட்டுக்கு அடியில் ஓடும் சுரக்கூட்டுகளின் வரிசையை) எடுத்துக்கொண்டு, அதன்மேல் வெப்ஸ்டர் தன் சொந்த மெட்டை ஏற்றியிருக்கிறார். ஹாங்க் ஜோன்ஸின் பியானோ ஓரிடத்திலும் குறுக்கே வராமல் இருவருக்கும் வழிவிடுகிறது. மென்மையாக வாசிக்க இவ்வளவு உழைப்பு வேண்டும்.

நான் மேட்டிமை பேசுகிறேனாம். என் அக்காவுக்கு ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாது. படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில், “அந்த மூச்சு விடுகிறவரைப் போடுடா” என்றுதான் கேட்பாள். பெயர் சொன்னாலும் அவள் நினைவில் நிற்காது. அந்த மூச்சு மட்டும் நினைவில் நின்றது. அவளிடம் எந்த மேட்டிமையைக் கண்டீர்கள்?

இந்தத் தட்டு வந்து இரண்டே ஆண்டுகளில் வெப்ஸ்டர் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். வாழ்வதற்கு அமெரிக்கா திரும்பவில்லை. 1973இல் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். அப்படிப்பட்ட கலைஞரைச் சொந்த ஊரில் தக்கவைத்துக்கொள்ளத் தெரியவில்லை. “பழைய பாணி” என்று ஒதுக்கியவர்கள் அன்றும் இருந்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கும் இதே தட்டைத்தான் கொண்டுவருவேன். பேச வேண்டியவர்கள் வராந்தாவில் நின்று பேசட்டும்.