பக்கத்தில பக்கத்தில வைச்சாச் சரியாம்!

"ஆறு படத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுத் தாங்கோ, பத்து நிமிச வேலைதானே."

இதைச் சொன்ன மனிசர், என்ர ஆராய்ச்சியை மேற்பார்க்கிற சேர், அண்டைக்கே போய் நிம்மதியா நித்திரை கொண்டிருப்பார். நான் பதினொரு நாளாக் கொள்ளேல்லை.

விசயம் இதுதான். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து திருகோணமலையில எங்கட கொட்டியாரக்குடாவில விழுது. அந்த நல்லதண்ணி எந்தக் காலத்தில எவ்வளவு தூரம் பரவுது, கடல்தண்ணியின்ர உப்பு எவ்வளவு குறையுது எண்டு கணினியில ஓட்டிப் பாக்கிறதுதான் என்ர ஆராய்ச்சி. டிசம்பர், ஏப்ரல், ஓகஸ்ட் எண்டு மூண்டு மாதம். ஒவ்வொரு மாதத்துக்கும் மேற்பரப்பு ஒண்டு, 20 மீற்றர் ஆழத்தில ஒண்டு. மொத்தம் ஆறு படம். காத்து, வற்றுப்பெருக்கு, ஆத்துத்தண்ணி, கடலடியில கிடக்கிற பெரிய பள்ளத்தாக்கு எல்லாத்தையும் விழுங்கிப்போட்டு மொடல் ஒரு இராத்திரியில ஓடி முடிஞ்சுது. ஒரு முறைப்பாடு இல்லை. கடலைக் கணக்குப் பண்ண ஒரு இரவு, கணக்குப் பண்ணினதைத் தாளில வைக்கப் பதினொரு நாள்! இதை ஆரிட்டப் போய் அழ?

முதல்ல எல்லாரும் செய்யிற விசர்வேலையைத்தான் நானும் செய்தன். ஆறையும் தனித்தனியாச் சேமிச்சு வேர்டில ஒரு அட்டவணை கீறி அதுக்குள்ள தள்ளினன். ஒண்டைத் தொட்டால் மற்றது அடுத்த பக்கத்துக்குப் போகுது. அதைப் பற்றி இதுக்கு மேல கதைச்சால் எனக்குப் பிரசர் ஏறும், விடுவம்.

பிறகு பைத்தன் எண்ட நிரல்மொழிக்கு வந்தன். அதில படம் கீறுறதுக்கு மேட்பிளொட்லிப். 2003இல ஜோன் ஹண்டர் எண்ட நரம்பியல் ஆராய்ச்சியாளர் மூளையின்ர மின் அலைகளைப் பாக்கிறதுக்கெண்டு தொடங்கின சாமான். மனிசன் 2012இல செத்துப்போனார், அவரைத் திட்ட எனக்கு மனம் வரேல்லை. சும்மா தந்த பொருள், உலகமே பாவிக்குது. ஆனால் அவர் மற்லாப் எண்ட கணக்கு மென்பொருளைப் பாத்துச் செய்தபடியால், ஒரு தாளில பல படப்பெட்டி போட "சப்பிளொட்" எண்டு கேட்டால் பெட்டிகளை ஒண்டில இருந்து எண்ண வேணும். "சப்பிளொட்ஸ்" எண்டு கடைசியில ஒரு "ஸ்" போட்டால் அதே பெட்டிகளைச் சைபரில இருந்து எண்ண வேணும். ரெண்டு வரிசை கேட்டால் ரெண்டு இலக்கம் குடுக்க வேணும். ஒரு வரிசை கேட்டால் ஒரு இலக்கம். ஒரே ஒரு பெட்டி கேட்டால் இலக்கமே குடுக்கக் கூடாது, குடுத்தால் கத்தும். ஒரு வீட்டுக்கு மூண்டு வாசல், மூண்டுக்கும் மூண்டு திறப்பு.

அதையும் பொறுத்துக்கொண்டன். நிறப்பட்டை வந்துதே, அங்கதான் சனி. எந்த நிறம் எந்த உப்பு எண்டு காட்டுற அந்தக் கோடு, தான் நிக்கிறதுக்கு இடத்தைப் பக்கத்துப் படத்திட்ட இருந்து வெட்டி எடுக்குது. அதால மூண்டாவது படம் மட்டும் மெலிஞ்சு போச்சு. டிசம்பர்ல குடாக்கரையில ஒரு மூதூர், ஏப்ரல்ல அதே மூதூர், ஓகஸ்டில மட்டும் மூதூர் சுருங்கி அரை விரக்கடை மேல ஏறி நிக்குது! கரை ஒரு நேரில வராட்டி பக்கத்தில பக்கத்தில வைச்சு என்ன பிரயோசனம்? கண் இடப்பக்கத்தில இருந்து வலப்பக்கம் நேரா ஓட வேணும், அதுக்குத்தானே இவ்வளவும். இடத்தைத் தானா ஒழுங்காக்கிற "டைட் லேஅவுட்" கட்டளையைப் போட்டன், எழுத்துகள் ஒதுங்கிச்சு, நிறப்பட்டை தலைப்புக்கு மேல ஏறிச்சு. "கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்" போட்டு, ஒரு பட்டையை மூண்டு படத்துக்கும் பொதுவாக் குடுத்தாப் பிறகுதான் ஒரு மாதிரி வழிக்கு வந்தது. ஆனால் வரைபடம் நீள அகலம் குலையக்கூடாது எண்டு கட்டி வைச்சிருக்கிறபடியால், வரிசைகளுக்கு நடுவில ஒரு வெள்ளை இடம். திருகோணமலைக் கோட்டைக்குள்ள நடுவழியில படுத்திருக்கிற மான் மாதிரி, எவ்வளவு கலைச்சாலும் எழும்பாது. கடைசியில படத்தின்ர உயரத்தைக் குறைச்சு, அதாவது மானை விட்டிட்டு ரோட்டை மாத்தித்தான் தப்பினன்.

இவ்வளவும் வெறும் அலுப்பு. உண்மையில எனக்குக் கோபம் வந்தது இனித்தான்.

நீங்கள் ஒண்டும் சொல்லாட்டி மேட்பிளொட்லிப் ஒவ்வொரு படத்துக்கும் தன்ரபாட்டில நிற அளவு வைக்கும். அந்தப் படத்தில ஆகக் குறைஞ்சது நீலம், ஆகக் கூடினது சிவப்பு. டிசம்பர்ல, வாடையும் மழையும் சேர்ந்து ஆறு பெருகி வாற நேரம், என்ர மொடல்ல ஆத்துவாயில உப்பு ஒரு கிலோ தண்ணிக்கு 22 கிராம், வெளிக்கடல்ல 33. ஓகஸ்டில, ஆறு மெலிஞ்சு கச்சான் காத்து அடிக்கிற நேரம், குடா முழுக்க 33.4க்கும் 34.4க்கும் நடுவில. ஒண்டில 11 வித்தியாசம், மற்றதில 1. ஆனால் படத்தில பாத்தால் ரெண்டும் ஒரே மாதிரி நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு. ஓகஸ்டிலயும் ஆறு கரைபுரண்டு வருதெண்டு எவனும் சத்தியம் பண்ணுவான். ஒவ்வொரு படமும் தனியப் பாத்தால் உண்மை. பக்கத்தில பக்கத்தில வைச்ச உடன பொய்!

இந்தப் பொய்யைத்தான் அவர் "பத்து நிமிச வேலை" எண்டு சொன்னவர்.

சரி, எல்லாத்துக்கும் ஒரே அளவு, 22இல இருந்து 34.5 வரைக்கும் எண்டு பூட்டினன். டிசம்பர் வடிவா வந்தது. ஓகஸ்ட்? முழுக்க ஒரே சிவப்பு. சுவருக்கு அடிச்ச பெயின்ற் மாதிரி. காட்டினன். "இதில ஒண்டும் இல்லையே பிள்ளை, மொடல் ஓடேல்லையோ?" எண்டார். ஓடினது சேர், ஓகஸ்டில கடல் அப்பிடித்தான் இருக்கும் சேர், ஒண்டும் இல்லாததுதான் சேர் அதின்ர செய்தி. கேக்கிறாரில்லை. ஓகஸ்டுக்கு மட்டும் வேற அளவு போடட்டாம். அப்ப முந்தின பொய்க்கே திரும்பிப் போறதோ?

ரெண்டு நாள் யோசிச்சு நிறம் மாறுற படிகளைச் சமனில்லாமல் வைச்சன். 22, 26, 30, 32, 33, 33.5, 34, 34.5. உப்புக் கூடின பக்கத்தில படியை நெருக்கினால் ஓகஸ்டில உள்ள சின்ன வித்தியாசமும் தெரியும், டிசம்பரும் கெடாது, ஆறு படத்துக்கும் ஒரே பட்டை. எனக்கு இதில கொஞ்சம் பெருமை. உடன வந்த கேள்வி: "ஏன் படியெல்லாம் சமனில்லை, பாக்க வடிவில்லையே?"

வடிவு! அந்தக் கதையும் இருக்கு. அவருக்குப் பழைய வானவில் நிறம்தான் விருப்பம், "ஜெட்" எண்டு சொல்லுறது. மேட்பிளொட்லிப் 2017இல, 2.0 பதிப்போட, அதைத் தள்ளி வைச்சிட்டு "விரிடிஸ்" எண்டதைத் தானா வாற நிறமாக்கிப்போட்டுது. காரணம் என்னெண்டு எனக்குப் படிச்சு விளங்கேல்லை, கொப்பிக்கடையில நிண்டுதான் விளங்கினது. ஜெட்டில போட்ட பக்கத்தைக் கொண்டு போனன். கலர் மை முடிஞ்சுதாம், கறுப்பு வெள்ளையில அடிச்சுத் தந்தாங்கள். பாத்தால், கரும் நீலமும் கருஞ்சிவப்பும் ஒரே சாம்பல். ஆத்துவாயும் வெளிக்கடலும் ஒரே தண்ணி! நடுவில மட்டும் வெளிறின ஒரு வளையம். கடைப்பொடியன் எட்டிப் பாத்திட்டுக் கேக்கிறான், "அக்கா, ஆறும் ஒரே படம்தானே, ஒண்டைப் போட்டாக் காணாதோ?" அவனில பிழையில்லை. விரிடிஸ் இருட்டில இருந்து வெளிச்சத்துக்கு ஒரே சீரா ஏறும், கறுப்பு வெள்ளையிலயும் எது கூட எது குறைய எண்டு தெரியும். நிறக்குருடு உள்ள ஆக்களுக்கும் அதே நன்மை. ஆனால் வடிவில்லையாம்.

எழுத்து அளவையும் சொல்லிப்போடுறன். படத்தை 15 அங்குல அகலத்தில செய்தன், திரையில ராசா மாதிரி இருந்தது. தீசிஸ் தாள் ஏ4, 8.27 அங்குலம். பைண்டிங்குக்கு இடப்பக்கம் ஒன்றரை, வலப்பக்கம் ஒண்டு விட்டால் மிச்சம் 5.77. அதுக்குள்ள 15ஐச் சுருக்கினால் 10 புள்ளி எழுத்து 4 புள்ளிக்கும் கீழ போகுது. எறும்பு ஊர்ந்த மாதிரி. தாளின்ர அகலத்துக்கே முதல்ல செய்ய வேணும் எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. எல்லாத்தையும் திரும்பக் கீறினன்.

இன்னொரு ஏழாவது படம் இருக்கு, வற்றுப்பெருக்கு. மொடல் சொல்லுற தண்ணிமட்டமும் துறைமுகத்தில அளந்த தண்ணிமட்டமும். மேல ஒண்டு கீழ ஒண்டா, நேர அச்சைப் பொதுவாக்கி வைச்சன். எனக்கு நெஞ்சு பகீர் எண்டுது. மொடல் ஏறேக்க கடல் இறங்குது, கடல் ஏறேக்க மொடல் இறங்குது. அச்சொட்டாத் தலைகீழ்! ரெண்டு நாள் மொடலைத் திட்டி, ஆழத் தரவைத் திட்டி, என்னையும் திட்டினன். பிறகுதான் பாத்தால், மொடல் ஓடுறது கிறீன்விச் நேரத்தில, அளவீடு எங்கட நேரத்தில. அஞ்சரை மணித்தியாலம் வித்தியாசம். எங்கட கடல் ஒருக்கா ஏறி இறங்கப் பன்ரெண்டு மணித்தியாலம் இருவத்தஞ்சு நிமிசம். அதின்ர பாதிக்குக் கிட்டத்தட்ட அஞ்சரைதானே. இந்தியாக்காரர், நாங்கள் எல்லாரும் கிறீன்விச்சுக்கு அஞ்சரை மணித்தியாலம் முன்னால நிக்கிறபடியால் அனுபவிக்கிற கூத்து இது. ஆனால் ஒண்டு, தனித்தனியாப் பாத்தகாலம் முழுக்க ரெண்டு கோடும் அழகா ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது, எனக்கு ஒரு சந்தேகமும் வரேல்லை.

மூதூர்ல மீன்பிடிக்கிற ஆக்களுக்கு விளக்க ஒரு தமிழ்ச் சுவரொட்டி செய்யப் போனது தனிச் சோகம். "கொட்டியாரக்குடா" எண்டு தலைப்புப் போட்டன். க முதல்ல நிக்குது, கொம்பும் அரவும் அதுக்குப் பின்னால போய் நிக்குது. நான் வைச்சிருந்த மேட்பிளொட்லிப் பதிப்பு எழுத்துகளைக் கிடைச்ச வரிசையிலயே அடுக்கும், கொம்பு முன்னால வர வேணும் எண்டு அதுக்குத் தெரியாது. தலைப்பை வெறுமையா விட்டு, இங்ஸ்கேப் எண்ட படம் கீறுற மென்பொருளில கொண்டு போய்க் கையால எழுதினன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் திரும்பத் திரும்ப. அம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வைச்சிட்டு, "இன்னும் அந்தப் படமோ?" எண்டு மட்டும் கேட்டா. பதில் சொல்லேல்லை.

நேற்று இரவு முடிச்சன். ரெண்டு வரிசை, வரிசைக்கு மூண்டு படம், ஒரே பட்டை, மூலையில அ, ஆ, இ எண்டு எழுத்து, ஆறு மூதூரும் ஒரே நேரில. அனுப்பினன். காலமை பதில் வந்தது:

"நல்லா இருக்கு. பிரசென்டேசனுக்கு ஆறையும் தனித்தனியா அனுப்பி விடுங்கோ."

ஓரத்து வெள்ளையை வெட்டுற கட்டளையைப் போட்டு ஒவ்வொண்டாச் சேமிச்சு அனுப்பினன். அது ஒவ்வொரு படத்தையும் தன்ர எண்ணத்துக்கு வெட்டும் எண்டு எனக்கு நல்லாத் தெரியும். ஆறும் ஆறு சைஸ். பவர்பொயின்டில அவரே பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கட்டும்.