ஊசிக்குப் பயமில்லை, போய் வரத்தான் பயம்

"வயசானவங்களுக்குத் தடுப்பூசின்னாலே பயம், எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டாங்க" என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நீங்கள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறீர்களா? வீட்டு வாசல்படியில் தொடங்கி, ஊசி போட்டு, திரும்பவும் அதே வாசல்படி ஏறும்வரை கூடவே இருந்திருக்கிறீர்களா?

எழுபது, எண்பது வயதுக்காரர்களுக்கு ஊசி புதிதா என்ன? சர்க்கரைக்கு, ரத்தப் பரிசோதனைக்கு, டிரிப்ஸுக்கு என்று குத்துப்பட்டே பழகிய கைகள். பலருடைய கையில் சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980 மே மாதம் அறிவித்தபோது இவர்கள் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தார்கள். தடுப்பூசியின் அருமையை இவர்களுக்கு நாம் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஏன் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள்?

மக்கள் ஏன் தடுப்பூசியைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று ஆராய்ந்த உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, 2014ஆம் ஆண்டு அறிக்கையில் மூன்று காரணங்களைச் சொன்னது. நோய் நமக்கு வராது என்ற அசட்டை, ஊசி மேலோ போடுபவர்கள் மேலோ நம்பிக்கையின்மை, போய்ப் போட்டுக்கொள்ள வசதி இல்லாமை. நாம் எப்போதும் முதல் இரண்டைப் பிடித்துக்கொண்டுதான் சண்டை போடுகிறோம். வாட்ஸப் வதந்தி, மூடநம்பிக்கை, பிடிவாதம். மூன்றாவதைப் பேச ஆளில்லை. பெரியவர்கள் விஷயத்தில் அந்த மூன்றாவதுதான் முக்கால்வாசி என்பது என் அபிப்பிராயம்.

என் அம்மா ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர். சாப்பிட்டால் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும். வெளியே கிளம்பும் நாளில் அந்த மாத்திரை டப்பாவிலேயே இருக்கும். "போயிட்டு வந்து போட்டுக்கறேன்" என்பார். தண்ணீரும் குடிக்க மாட்டார். தம்ளரை நீட்டினால் உதட்டை நனைத்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார். போகிற இடத்தில் கழிவறை இருக்குமா, இருந்தால் படி ஏற வேண்டுமா, கால் மடக்கி உட்கார வேண்டுமா, தாழ்ப்பாள் இருக்குமா? இத்தனை கேள்விக்கும் அவர் கண்டுபிடித்த ஒரே பதில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. அம்மா மட்டும் இல்லை. வயதான பெண்கள் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள், இதே கதையைச் சொல்வார்கள்.

இதில் ஒரு விபரீதமும் இருக்கிறது. வயதாக ஆகத் தாகம் எடுக்கும் உணர்வே குறைந்துவிடும். அந்த உடம்பைத் தண்ணீர் இல்லாமல் வெயிலில் கொண்டுபோய், ஒரு மணி நேரம் உட்காரவைத்து, திடீரென்று "எழுந்து வாங்க" என்றால் தலை சுற்றத்தான் செய்யும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தவறினால் இன்னும் மோசம். சிலருக்கு ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் கண் இருட்டிக்கொண்டு வரும். மறுநாள் தெருவெல்லாம் "ஊசி போட்டதும் மயங்கி விழுந்துட்டாங்களாம்" என்று பேச்சாகிவிடும். காலையிலிருந்து குடிக்காத தண்ணீரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

(நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அன்றைக்கு எந்த நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் முன்னாடியே கேட்டுவிடுங்கள். ஒரு போன் போதும்.)

போய்ச் சேர்ந்தபிறகாவது நிம்மதி உண்டா? காத்திருக்கும் இடத்தில் கைப்பிடி இல்லாத நாற்காலிகள் போட்டிருப்பார்கள். முட்டி தேய்ந்தவர்களுக்கு உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் பாடு. ஊன்றி எழ இரண்டு பக்கமும் ஏதாவது வேண்டும். என் பெரியப்பா அதனாலேயே உட்கார மாட்டார். சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருப்பார். "உட்காருங்க ஐயா" என்று மூன்று பேர் வந்து உபசரிப்பார்கள். ஏன் உட்காரவில்லை என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

பெயரைக் கூப்பிடுவது அடுத்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு, ஃபேன் சத்தத்துக்கு நடுவே, உள்ளறையிலிருந்து ஒரு குரல் வரும். காது மந்தமானவர்கள் நம் உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்கிறார்கள் என்பது மாஸ்க் வந்தபிறகுதான் பல வீடுகளில் தெரிந்தது. பெயர் காதில் விழாமல் வரிசை தாண்டிப் போய், "எவ்வளவு நேரமா கூப்பிடறோம், எங்க போயிருந்தீங்க?" என்று திட்டு வாங்கி, எல்லோரும் திரும்பிப் பார்க்க... அந்த அவமானத்துக்குப் பிறகு அந்தப் பெரியவர் இரண்டாவது தவணைக்கு வருவார் என்று எதிர்பார்ப்பவர்கள் மனிதர்களோடு பழகாதவர்கள்.

சட்டையையும் சொல்ல வேண்டும். ஊசி போடுவது தோளுக்குக் கீழே மேல்கைச் சதையில். முழுக்கை சட்டை அங்கே வரைக்கும் சுருண்டு ஏறாது. பொத்தானைக் கழற்றி ஒரு பக்கத் தோளை இறக்க வேண்டும். மறைப்புக்கு ஒரு திரைகூட இல்லாத இடத்தில் வயதான ஓர் அம்மா தோளிலிருந்து துணியை இறக்கத் தயங்குகிறார் என்றால் அது ஊசிப் பயமா?

ஊசி ஒரு நொடியில் முடிந்துவிடும். பிறகு பதினைந்து நிமிடம் உட்காரச் சொல்வார்கள், முன்பு கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் என்றால் அரை மணி நேரம். ரொம்ப அபூர்வமாக, பத்து லட்சத்தில் சிலருக்கு வரக்கூடிய ஒவ்வாமையை உடனே கவனிக்கத்தான் இந்த ஏற்பாடு. தேவையான ஏற்பாடு, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். கூட வந்த பிள்ளை ஆபீஸ் போனைப் பேசிக்கொண்டே மணியைப் பார்க்கும். "எனக்கு ஒண்ணுமில்லப்பா, போலாம்" என்று பெரியவரே எழுந்துவிடுவார்.

இந்த 'எனக்கு ஒண்ணுமில்ல' இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றுக்கும் சாவி. பெரியவர்கள் மனதில் எப்போதும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். மகன் லீவு போட வேண்டும், மகள் பிள்ளைகளை யாரிடமாவது விட வேண்டும், வண்டிக்குக் காசு கொடுக்க வேண்டும். எல்லாம் ஒரு ஊசிக்காக, அதுவும் தனக்காக. "உங்களுக்குத் தொந்தரவு" என்று வாய்விட்டுச் சொன்னால் நாம் சங்கடப்படுவோம். "ஊசி வேண்டாம்" என்று சொன்னால் நாம் திட்டுவோம். நம்மைச் சங்கடப்படுத்துவதைவிட நம்மிடம் திட்டு வாங்குவது மேல் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். நாமும் அந்த 'வேண்டாம்' என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு, பிடிவாதம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

கொரோனா காலத்தில் இந்தப் பயண விஷயம் உலகம் முழுக்க வெட்டவெளிச்சமானது. 2020 டிசம்பர் 8ஆம் தேதி இங்கிலாந்தின் கவன்ட்ரி நகர மருத்துவமனையில் 90 வயது மார்கரெட் கீனன், சோதனைகளுக்கு வெளியே ஃபைசர் கொரோனா ஊசியை உலகிலேயே முதல் ஆளாகப் போட்டுக்கொண்ட படத்தை எல்லோரும் பார்த்தோம். ஆனால் அந்த நாட்டின் முன்னுரிமைப் பட்டியலில் முதலில் இருந்தவர்கள் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். அவர்களுக்கு ஏன் அன்றைக்கே போடவில்லை? ஃபைசர் மருந்து மைனஸ் 70 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது, 975 டோஸ் கொண்ட பெட்டிகளாக வந்தது, ஆரம்பத்தில் அதைப் பிரித்துச் சின்னச் சின்ன இடங்களுக்கு அனுப்ப வழி இல்லை. மருந்தால் பயணம் செய்ய முடியவில்லை, ஆகவே பயணம் செய்ய முடிந்த பெரியவர்களுக்கு முதலில் கிடைத்தது. படுத்த படுக்கையாக இருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

அடுத்த மாதம் அங்கே பெரிய மையங்கள் திறந்தார்கள். முக்கால் மணி நேரக் கார் பயணத் தூரத்துக்குள் இருந்த எண்பது வயதுக்காரர்களுக்குக் கடிதம் போனது. முக்கால் மணி நேரம் என்பது கார் ஓட்டுகிறவருக்கு. கார் இல்லாத, துணை இல்லாத எண்பது வயதுக்காரருக்கு அது வேறு நாடு. அதே ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸில் டாட்ஜர் ஸ்டேடியத்தைத் திறந்து, காரை விட்டு இறங்காமலே போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். நடக்க முடியாதவர்களுக்கு எவ்வளவு நல்ல யோசனை! கார்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. அந்தக் கார்களுக்குள் உட்கார்ந்திருந்த, நீர் மாத்திரை சாப்பிடும் மனிதர்களை நினைத்துப் பாருங்கள்.

இந்தியாவில் 2021 மார்ச் 1 முதல் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குப் போட ஆரம்பித்தார்கள். வீட்டருகே மையம் அமைக்கும் வழிமுறை மே மாதக் கடைசியில்தான் வந்தது. சமுதாயக் கூடம், பள்ளிக்கூடம், குடியிருப்போர் சங்க அலுவலகம் என்று பக்கத்திலேயே போடலாம் என்றார்கள். வெளியே வரவே முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் போடலாம் என்ற அறிவிப்பு செப்டம்பரில். நல்ல முடிவுகள்தான். ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் நடக்க முடிந்தவர், பிறகு கொஞ்சம் நடக்க முடிந்தவர், கடைசியில் நடக்கவே முடியாதவர். நோய் வந்தால் தாங்கமாட்டார் என்று யாரைப் பற்றிப் பயந்தோமோ, அவர் கடைசி.

எல்லாப் பயணமும் பாடு என்று சொன்னால் அது பொய். மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கிடந்த பலருக்கு அந்த ஊசிப் பயணம் ஒரு திருவிழா. என் பெரியப்பா முதல் நாள் இரவே சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டிவிட்டார், சவரம் செய்துகொண்டார், எப்போதோ வாங்கிய சென்ட் பாட்டிலைத் தேடி எடுத்தார். வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் கடை கடையாகப் பெயர்ப்பலகையை வாசித்துக்கொண்டே வந்தார். மையத்தில் பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்த்துவிட்டார். இரண்டு பேரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். பதினைந்து நிமிடம் முடிந்தும் எழுந்திருக்கவே இல்லை! இங்கிலாந்தில் சாலிஸ்பரி தேவாலயத்தை ஊசி மையமாக்கியபோது உள்ளே ஆர்கன் என்ற இசைக்கருவியை வாசித்தார்களாம். அதைப் படித்தபோது நான் சிரிக்கவில்லை. வருகிறவர்களை விருந்தாளியாக நினைத்த யாரோ ஒருவருக்குத்தான் அந்த யோசனை வந்திருக்கும்.

சரி, கொரோனா போய்விட்டது, இப்போது எதற்கு இந்தப் பேச்சு? பயணம் முடியவில்லையே. ஃப்ளூ வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் அதற்கு வருடா வருடம் போட வேண்டும். நிமோனியாவுக்கு ஓர் ஊசி. அக்கி வராமல் இருக்க இரண்டு, அதுவும் இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில். ஆர்.எஸ்.வி. என்ற சளி வைரஸுக்கு 2023இல்தான் முதன்முதலாகப் பெரியவர்களுக்கான ஊசிக்கு அனுமதி கிடைத்தது. வயதானால் நோய் எதிர்ப்புச் சக்தி மங்கும், ஊசிக்கு உடம்பு முன்போலப் பதில் சொல்லாது. அதனால்தான் அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கென்றே நான்கு மடங்கு மருந்து உள்ள ஃப்ளூ ஊசிகூட இருக்கிறது. மருந்து செய்பவர்கள் வயதான உடம்பைப் புரிந்துகொண்டு மருந்தை மாற்றியிருக்கிறார்கள். அதைப் போடும் இடம் மட்டும் இருபத்தைந்து வயதுக்காரருக்காகக் கட்டியது போல இருக்கிறது.

அக்கி ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் போட்டுக்கொண்டால் நல்ல பாதுகாப்பு. ஆனால் முதல் ஊசி போட்ட மறுநாள் கை வலி, உடம்பு வலி, சிலருக்குக் காய்ச்சல் வரும். ஓரிரு நாளில் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லாமல் அனுப்பிவிட்டால், அந்த வலியும் போய் வந்த அலுப்பும் சேர்ந்து இரண்டாவது ஊசியைச் சாப்பிட்டுவிடும்.

குழந்தைகளுக்கு நாம் இப்படி விட்டுவிடவில்லை. போலியோ சொட்டு மருந்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனோம், பஸ் நிலையத்திலும் ரயிலிலும் நின்று கொடுத்தோம். சொட்டு மருந்து வேறு, ஊசி வேறு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஊசிக்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், ஒவ்வாமை வந்தால் கொடுக்க மருந்து வேண்டும். ஆனால் பெரியவர்களுக்கான ஃப்ளூ, நிமோனியா ஊசிகள் எல்லாம் 2 முதல் 8 டிகிரியில் இருந்தால் போதும். ஐஸ் பேக் வைத்த பெட்டியோடு ஒரு நர்ஸ் வாரத்தில் ஒரு நாள் சுற்றினால் நடக்கக்கூடிய காரியம்.

அதுவரைக்கும் சின்னச் சின்ன விஷயங்கள் போதும். ஒரே நாளில் சேர்த்துப் போடக்கூடிய ஊசிகளைச் சேர்த்துப் போடலாம். ஃப்ளூ ஊசியையும் கொரோனா ஊசியையும் ஒன்றாகப் போடலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2021லேயே சொல்லிவிட்டார்கள். வேறு காரியத்துக்காக டாக்டரிடம் போகும்போதே "எனக்கு என்ன ஊசி பாக்கி இருக்கு?" என்று கேட்டால் ஒரு பயணம் மிச்சம். மையம் நடத்துபவர்கள் கைப்பிடி வைத்த நாலு நாற்காலியும், தரைத்தளத்தில் ஒரு கழிவறையும், ஒரு திரைத்துணியும் ஏற்பாடு செய்வதற்கு எந்த அரசாணையும் வேண்டாம். முன்பதிவுப் படிவத்தில் வயது, அடையாள அட்டை எண் எல்லாம் கேட்கிறீர்கள். "எப்படி வருவீர்கள், யார் கூட வருவார்கள்?" என்று ஒரு வரி சேருங்கள். "வர வழியில்லை" என்று எழுதுகிறவர்களின் பட்டியல் கையில் இருந்தால், அந்த நர்ஸ் முதலில் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.