ரெண்டே நிமிஷமாம்!

“சலாதுல போடுற மயோனீஸைத் தூக்கிப் போடுங்க, தயிர் இருந்தாப் போதும், மெலிதான சோஸ் ரெண்டே நிமிஷம்!” என்று பல்லைக் காட்டிய அந்த வீடியோ அம்மாவை, தை மாத விடிகாலையில் நுவரெலியாவுக்குக் கூட்டிவர வேண்டும். சுவெட்டர் இல்லாமல்.

எனக்கு இது மூன்றாவது நாள்.

மயோனீஸில் முக்கால்வாசி எண்ணெய்தான், ஒரு மேசைக்கரண்டியே 90 கலோரியைத் தாண்டும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட்டைப் பார்த்து டொக்டர் முறைத்த முறைப்பில்தானே இந்தக் கூத்தே தொடங்கியது.

முதல் நாள் பாலைக் காய்ச்சி உறை ஊற்றினேன். தயிர் ஒழுங்காக உறைய 40 பாகைச் சூடு இருந்தால் நல்லது. எங்கள் குசினியில் விடியும்போது 10 பாகை இருந்தாலே பெரிய விஷயம். சட்டிக்குக் கம்பளி சுற்றினேன், அடுப்புப் பக்கத்தில் வைத்தேன், தாலாட்டுப் பாடாததுதான் குறை. காலையில் பால் பாலாகவே இருந்தது. உறைந்துபோனது நான்தான்.

இரண்டாம் நாள் கடையில் ஒரு சட்டித் தயிர். எருமைத் தயிர்! எருமைப்பாலில் கொழுப்பு பசும்பாலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மெலிதாம் மெலிது! சரி, மயோனீஸுக்கு இது தேவலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டேன்.

“தயிரை ஏன்டி தூக்குல போட்ட?” அப்பாயி.

“தண்ணி வடியணும் அப்பாயி.”

“பாணி ஊத்தித் தின்னுறத விட்டுட்டு…”

இன்று காலை மூட்டையை அவிழ்த்தேன். ஐயோ, என்ன அழகு! கரண்டியை நட்டால் நட்டபடி நின்றது. தேசிக்காய் பிழிந்தேன், பூண்டு தட்டினேன், மிளகு, உப்பு, அரைத்த கடுகு அரைக் கரண்டி. அங்கேயே கரண்டியால் கலக்கி எடுத்திருந்தால் நான் மகாராணி. ஆனால் வீடியோ அம்மா என்ன சொன்னார்? “எல்லாத்தையும் பிளென்டர்ல போட்டு ஒரே சுத்து!”

போட்டேன். மூடினேன். அமத்தினேன். ஒரு விநாடி… இரண்டு… மூன்று. இன்னும் கொஞ்சம் வழவழப்பாக வரட்டுமே என்று, என் கையை நானே கடிக்க வேண்டும், இன்னொரு சுத்து. மூடியைத் திறந்தால் உள்ளே மோர். சளசளவென்று, அசல் மோர்! பிளேடு சுற்றினால் தயிரின் கட்டு அறுந்து தண்ணீராய் ஓடிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. முன்னமே சொன்னால் வாய் வலிக்குமா அந்த அம்மாவுக்கு?

ராத்திரி முழுக்க வடித்த தண்ணீருக்கு என்ன மரியாதை?

போதாததற்கு, உப்புப் போட்டு வைத்த வெள்ளரிக்காய் தன் பங்குக்குத் தண்ணீர் விட்டு, சலாது இலைகள் கோப்பையில் நீச்சலடித்தன. அப்பாயி எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து அந்த மோரில் கொட்டினார். எல்லாரும் சோற்றில் ஊற்றிச் சப்புக்கொட்டினார்கள். “நாளைக்கும் இதையே செய்” என்கிறார் என் வீட்டுக்காரர். சிரிப்பதா, அழுவதா?

அந்தச் சலாதையும் விடுங்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்ப் பாத்தியில் பச்சைப் பசேலென்று நிற்கிறது. நல்லதெல்லாம் லொறியேறிக் கொழும்புக்குப் போய்விட, கடையில் எனக்குக் கிடைத்தது வாடல். அதற்குள்ளும் ஒரு நத்தை.