உருகிப்போன பனியும் நட்டுவைத்த ஓக் மரங்களும்

இயற்கையைப் பேசும் சமகாலக் கலை என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கலைஞர் ஓலாஃபர் எலியாசனின் பனிக்கட்டிகள்தாம். 2015 டிசம்பரில் பாரிசில் காலநிலை மாநாடு நடந்தபோது, கிரீன்லாந்துக் கரையை ஒட்டிய நீரில் மிதந்த பனிப்பாளங்களில் 12ஐக் கொண்டுவந்து, பாந்தியோன் நினைவு மண்டபத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் கடிகார முகப்பைப் போல வட்டமாக வைத்தார். நிலவியலாளர் மினிக் ரோசிங் அம்முயற்சியில் அவருக்குத் துணைநின்றார். மக்கள் பனியைத் தொட்டுப் பார்த்தார்கள், படமெடுத்துக்கொண்டார்கள். பனி உருகி வடிந்தது. 2018இல் லண்டனிலும் அவ்வாறே நடந்தது.

அவ்வளவு தொலைவிலிருந்து பனியைக் கொண்டுவர எரித்த எரிபொருளைக் கணக்கிட்டுக் குறை சொன்னவர்கள் உண்டு. அது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை. அழிவைக் கையால் தொட்டு உணரவைத்தது அந்தப் படைப்பு. ஆனால் தொட்டவரிடம் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை என்பதே என் மனக்குறை.

கேட்கத் துணிந்தவர் ஜெர்மானியக் கலைஞர் யோசேப் பாய்ஸ். 1982இல் ஜெர்மனியின் காசல் நகரில் ஏழாவது டாக்குமெண்டா என்னும் சமகாலக் கலைக் கண்காட்சி நடந்தபோது, ஃபிரிடெரிசியானம் அருங்காட்சியகத்தின் முன்னே 7,000 எரிமலைப்பாறைத் தூண்களைக் குவித்துவைத்து, நகரில் எங்காவது ஒரு மரத்தை நட்டு அதன் அருகில் நிறுத்துவதற்காக மட்டுமே ஒரு கல்லை எடுக்கலாம் என்று விதித்தார். ஆகவே அந்தக் குவியல், ஊர் நடுவில் எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைத்த கடன் கணக்காயிற்று. அது நகரின் அழகைக் கெடுப்பதாகப் பலர் முணுமுணுத்தார்கள். குவியல் கரைய வேண்டுமானால் மரம் நடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு மரத்துக்கும் கல்லுக்கும் நன்கொடை, அன்றைய ஜெர்மன் நாணயத்தில் 500 மார்க். பணம் போதாதபோது, ரஷ்யப் பேரரசர் இவானின் மகுடத்தைப் போலச் செய்யப்பட்டிருந்த பொன்முடியை மக்கள் முன்னிலையில் உருக்கி, முயல் வடிவில் வார்த்து விற்றார் பாய்ஸ்.

பாய்ஸின் எல்லாவற்றையும் நான் ஏற்பவன் அல்லன். இரண்டாம் உலகப்போரில் தம் விமானம் விழுந்தபோது, தாத்தார் இன மக்கள் தம்மைக் கொழுப்பும் கம்பளமும் சுற்றிக் காப்பாற்றியதாக அவர் பரப்பிய கதையை ஆய்வாளர்கள் நம்புவதில்லை. தம்மைத் தாமே தொன்மமாக்கிக்கொள்ளும் அந்தப் போக்கு எனக்குச் சலிப்பூட்டுவது. ஆனால் காசல் மரங்களுக்கு அந்தக் கதை தேவைப்படவில்லை. அவரே கூடத் தேவைப்படவில்லை. 1986 ஜனவரியில் அவர் இறந்தார். மறு ஆண்டு எட்டாவது டாக்குமெண்டா தொடங்கும் வேளையில், அவர் மகன் வென்செல் கடைசி மரத்தை நட்டார். கல் அதே உயரத்தில் நிற்க, மரம் அதைத் தாண்டி வளர்கிறது. பட்டுப்போன மரத்தை மாற்றுவது, கிளை கழிப்பது, சாலைப் பணிகளில் வேரைக் காப்பது எல்லாம் நகரத்தின் பொறுப்பில் வந்து சேர்ந்துவிட்டன.

நீண்ட ஆயுளை மட்டும் வைத்து நான் இதை உயர்த்தவில்லை. அதே 1982இல் கலைஞர் ஆக்னஸ் டெனஸ், நியூயார்க்கின் மன்ஹாட்டனில், உலகின் விலையுயர்ந்த நிலங்களுள் ஒன்றான கரையோர மண்மேட்டில், இரண்டு ஏக்கரில் கோதுமை விளைவித்தார். சில மாதங்களே இருந்த வயல் அது. என்றாலும் இடிபாடுகளை அகற்றி, நல்ல மண் பரப்பி, கையால் விதைத்து, 1,000 பவுண்டு எடைக்கு மேல் அறுவடை செய்த அந்த உழைப்பை எண்ணும்போது, டெனஸின் வயலை எலியாசனின் பனியோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. பாய்ஸின் மரங்களோடுதான் சேர்ப்பேன்.